ஈப்போ வெயிலும் எண்பது வாட்டும்

எம்ஜேஇ13007. பத்து மில்லிமீட்டர் அகலத்தில் கறுப்பு உடம்பு, மூன்று கால், முதுகில் உலோகத் தகடு, தகட்டின் உச்சியில் ஸ்க்ரூ போட ஒரு துளை. 1990-களிலும் அதற்குப் பிறகும் மலேசிய வீடுகளுக்கு வந்த மேசைக் கணினிகள் பலவற்றின் பவர் சப்ளைப் பெட்டிக்குள் இந்த ரகமோ, இதைவிடச் சற்றுப் பெரிய 13009-ஓ இரண்டு இரண்டாக உட்கார்ந்திருந்தது. கணினி வாங்கியவர்களுக்கு இந்தப் பெயர் தெரியாது. அது செத்த நாளில்தான் ஈப்போ புந்தோங் பக்கத்துப் பழுதுக்கடையில் கேள்விப்படுவார்கள்: "சுவிட்சிங் டிரான்சிஸ்டர் போயிருச்சு."

இதன் வேலை ஒன்றே ஒன்று, திறப்பதும் மூடுவதும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏசி மின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றினால் உச்சியில் ஏறத்தாழ 325 வோல்ட் நிற்கும். இரண்டு டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி, விநாடிக்குப் பல்லாயிரம் முறை அதை வெட்டிவிட, வெட்டிய மின்சாரம் ஒரு சிறிய ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் போய் 12 வோல்ட்டும் 5 வோல்ட்டுமாக வெளியே வரும். 50 ஹெர்ட்ஸிலேயே இந்த வேலையைச் செய்ய வேண்டுமென்றால் செங்கல் கனத்தில் இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 1977-ல் வந்த ஆப்பிள் 2 கணினிக்கு ராட் ஹோல்ட் என்ற பொறியாளர் இந்த வெட்டும் முறையில் பவர் சப்ளை அமைத்தார். வீட்டுக் கணினியின் பெட்டி இளைத்தது அதன் பிறகுதான்.

டிரான்சிஸ்டர் மணலில் பிறக்கிறது என்று சொல்வது வழக்கம். சரியாகச் சொன்னால் குவார்ட்ஸ் கல்லில். மின்வில் உலையில் கரியோடு சேர்த்து உருக்கி, வாயுவாக்கிச் சுத்திகரித்து, 1916-ல் யான் சோக்ரால்ஸ்கி கண்ட வழியில் ஒற்றைப் படிகமாக இழுத்து, வட்டத் தகடுகளாக அறுப்பார்கள். 13007 குடும்பத்தை வடிவமைத்தது மோட்டோரோலா. அதன் குறைக்கடத்திப் பிரிவுக்கு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் நகரம் தலைமையிடம். 'ஸ்விட்ச்மோட்' என்று பெயரிட்டு அவர்கள் விற்ற வரிசையில் இதுவும் ஒன்று.

மூடியிருக்கும்போது 700 வோல்ட் வரை தாங்க வேண்டும் என்று கேட்டதால், மின்சாரம் நுழையும் கலெக்டர் பகுதியில் கலப்பு மிகக் குறைந்த தடித்த அடுக்கு ஒன்றை வைக்க வேண்டியதாயிற்று. அந்த அடுக்கு சும்மா வரவில்லை. ரேடியோவில் இருக்கும் சின்ன டிரான்சிஸ்டர் நூறு மடங்குக்கு மேல் பெருக்கிக் கொடுக்கும். இதுவோ 5 ஆம்பியர் ஓடும்போது 5 முதல் 30 மடங்குதான். கலெக்டரில் 5 ஆம்பியர் வேண்டுமானால் திறந்து மூடக் கட்டளையிடும் பேஸில் 1 ஆம்பியர் ஊட்ட வேண்டியிருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். மூடு என்று சொன்ன பிறகும் உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடிய 3 மைக்ரோவிநாடி வரை ஆகும். இந்த மந்தத்தைப் பிறவிக் குணம் என்று ஒத்துக்கொண்டவர்கள்தான் இதை ஒழுங்காக ஓட்டினார்கள்.

சிலிக்கான் தகடு ஓரிடத்தில் தயாராகும், அதை வெட்டிக் கட்டி உறை போடுவது வேறிடத்தில். அந்த வேறிடமாக மலேசியா ஆனது 1970-களின் தொடக்கத்தில். பினாங்கு பாயான் லெப்பாசில் இன்டெல் வந்தது 1972-ல். அதே 1972-ல் பேராக் மாநிலத்து ஈப்போவில் கார்ட்டர் செமிகண்டக்டர் என்ற பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கியது. இன்று அதற்குக் கார்செம் என்று பெயர். விமான நிலையச் சாலையில் ஓர் ஆலை, ஜெலாப்பாங் அருகே தாமான் மெருவில் இன்னொன்று. 1989-ல் யுனிசெம் உருவாகி, அதுவும் ஈப்போவையே இடமாகக் கொண்டது. மோட்டோரோலாவின் செரம்பான் ஆலை, குறைக்கடத்திப் பிரிவு 1999-ல் ஆன் செமிகண்டக்டராகப் பிரிந்தபோது அதன் கைக்குப் போனது. உலகில் கட்டிச் சோதிக்கப்படும் சிப்புகளில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் முடிகிறது என்று வழக்கமாகக் கணக்குச் சொல்வார்கள். ஈப்போ ஆலைகள் பிறருக்காகக் கட்டிக் கொடுப்பவை. ஆகவே உறையின்மேல் வாங்கியவன் பெயர் அச்சாகும், கட்டிய ஊரின் பெயர் அச்சாகாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, இந்தத் தொழிலின் ஏற்பாடே அப்படி.

இது போன்ற டிரான்சிஸ்டரைக் கட்டுவது நுட்பமான வேலை. வைரத்தூள் பதித்த வட்டக் கத்தி தகட்டைத் துண்டுகளாக அறுக்கும். ஒவ்வொரு துண்டையும் செப்புச் சட்டத்தின்மேல் காரீயம் மிகுந்த சோல்டரால் ஒட்டுவார்கள். பிறகு கம்பி: சாதாரணச் சிப்பில் தலைமயிரைவிட மெலிந்த தங்கக் கம்பி போதும், இதில் பல ஆம்பியர் ஓடுவதால் பருத்த அலுமினியக் கம்பியை ஒலியதிர்வால் பதிக்கிறார்கள். 175 டிகிரி அளவில் எபாக்சி ஊற்றி மூடி, கால்களுக்கு வெள்ளீய முலாம் பூசி, ஒவ்வொன்றையும் சோதித்து, முதுகிலே ஆண்டும் வாரமும் குறிக்கும் எண்ணை அச்சிட்டு அனுப்புவார்கள்.

வெள்ளீயம் என்றதும் பேராக்காரர்களுக்குக் கின்டா பள்ளத்தாக்கு நினைவு வரும். ஈப்போ, கம்பார், பத்து காஜா எல்லாம் அந்த உலோகத்தால் எழுந்த ஊர்கள். பேராக் ஆற்றில் செண்டேரோ அணை 1930-ல் மின்சாரம் தரத் தொடங்கியதே பெரும்பாலும் சுரங்கங்களுக்காக. 1985 அக்டோபரில் சர்வதேச வெள்ளீயக் கழகத்தின் கையிருப்புப் பணம் தீர்ந்து, லண்டன் சந்தையில் வியாபாரம் நின்று, விலை சரிந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. ரப்பர்த் தோட்டங்களின் கதை அதைவிட மெதுவாக முடிந்தது. துண்டு போட்டு விற்றார்கள், செம்பனை நட்டார்கள், வீட்டுமனை ஆக்கினார்கள். விடியுமுன்னே பால்மரம் வெட்டப் போன தாயும், இரவு ஷிப்டுக்குத் தொழிற்சாலை பஸ் ஏறிய மகளும் ஒரே லயத்தில் வசித்த காலம் ஒன்று இருந்தது. தாயின் கண் பட்டை உரியும் ஆழத்தைப் பார்த்துப் பழகியது, மகளின் கண் மைக்ராஸ்கோப்பில் கம்பியைப் பார்த்துப் பழகியது. தோட்டத்தில் ஜெனரேட்டர் ஓடும் சில மணி நேரம் மட்டும் விளக்கெரிந்த லயங்கள் அப்போதும் இருந்தன. அந்த வீட்டுப் பெண்களும் சேர்ந்து கட்டியதுதான் உலகத்தின் மின்சாரத்தைத் திறந்து மூடும் பொருள்கள்.

இனி எண்களுக்கு வருகிறேன், விஷயமே அங்கேதான் இருக்கிறது. தயாரிப்பாளர் வெளியிடும் தரவுத்தாளின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் மூன்று எண்கள் நிற்கும்: 8 ஆம்பியர், 400 வோல்ட், 80 வாட். படிக்கத் தெரிந்தவர்கூட இவற்றை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்கிறார். 80 வாட் என்பது டிரான்சிஸ்டரின் முதுகுத் தகட்டு வெப்பநிலை 25 டிகிரியிலேயே நிற்கும்போது உள்ள கணக்கு. ஈப்போவில் மதியம் 33 டிகிரி. கணினிப் பெட்டிக்குள் 50 டிகிரி. வேலை செய்யும் டிரான்சிஸ்டரின் தகட்டை 25-ல் நிறுத்தக்கூடிய வீடு இந்த மாநிலத்தில் கிடையாது.

தாளின் கீழே சின்ன எழுத்தில் உண்மை இருக்கிறது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.64 வாட் கழித்துக்கொள். தகடு 100 டிகிரிக்கு ஏறினால் 75 டிகிரிக்கு 48 வாட் போக, மிச்சம் 32. சூட்டை வாங்கிப் பரப்பும் ஹீட்சிங்க் இல்லாமல் காற்றில் நிற்க வைத்தால்? உள்ளிருக்கும் சிலிக்கானிலிருந்து காற்றுவரை ஒரு வாட்டுக்கு 62.5 டிகிரி ஏறும் என்கிறது அதே தாள். சிலிக்கான் 150 டிகிரியைத் தாண்டக் கூடாது. வெளியே 35 டிகிரி என்றால் 115-ஐ 62.5-ஆல் வகுக்க வேண்டும்: 1.84. எண்பது வாட் டிரான்சிஸ்டர் ஈப்போவின் மேசையில் தனியாகத் தாங்குவது இரண்டு வாட்டுக்கும் குறைவு.

ஹீட்சிங்க்கோடு ஒரு கணக்கு பார்ப்போம். டிரான்சிஸ்டர் 10 வாட் சூடு உமிழ்வதாக வைத்துக்கொள்ளலாம். 5 ஆம்பியர் ஓடும்போது கலெக்டருக்கும் மின்சாரம் வெளியேறும் எமிட்டருக்கும் இடையே 2 வோல்ட் வரை நிற்கலாம் என்று தாள் சொல்வதால் இது மிகையான எண் இல்லை. சிலிக்கானிலிருந்து தகட்டுக்கு வாட்டுக்கு 1.56 டிகிரி, ஆகப் பதினாறு. தகட்டுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் வைக்கும் மைக்காத் தாளும் வெள்ளைப் பசையும் வாட்டுக்கு ஒரு டிகிரி என்றால் பத்து. அலுமினிய ஹீட்சிங்க் வாட்டுக்கு நாலு என்றால் நாற்பது. பெட்டிக் காற்றின் ஐம்பதோடு கூட்டினால் 116. பிழைத்தது. பசை காய்ந்துபோனால் பத்து இருபத்தைந்தாகும், கூட்டுத்தொகை 131. அதோடு மின்விசிறியும் நின்றால் ஹீட்சிங்க்கின் நாலு எட்டாகலாம், அப்போது 170-ஐத் தாண்டும். விசிறியில் பூனைமயிரும் தூசும் அடைத்த கணினி ஒருநாள் 'டப்' என்று நிற்பதன் பின்னால் உள்ள கூட்டல் இவ்வளவுதான்.

400 வோல்ட் என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே 700 என்று இன்னொரு எண் இருக்கும். எது சரி? இரண்டும் சரி, நிலைமை வேறு. பேஸ் எங்கும் இணையாமல் தொங்கும்போது தாங்குவது 400. பேஸ் எமிட்டரோடு இறுக இணைந்திருந்தாலோ, எதிர்த்திசையில் இழுக்கப்பட்டிருந்தாலோதான் 700. பேஸை எதிர்த்திசையில் இழுப்பதற்கும் 9 வோல்ட் எல்லை உண்டு. மலேசியாவில் மின்னழுத்தத்தின் பெயரளவு 2008-ல் 240-லிருந்து 230 ஆனது. மேல்நோக்கிப் பத்து விழுக்காடு அனுமதி, அதாவது 253 வோல்ட். அதன் உச்சி 358. நானூறுக்குக் கீழேதான் இருக்கிறது, ஆனால் இடைவெளி நாற்பது வோல்ட்தான். இடி இறங்கினால் அந்த நாற்பது எந்த மூலைக்கு? மலேசியா உலகத்திலேயே இடி மின்னல் மிகுந்த நாடுகளில் ஒன்று. மாலை நாலு மணிக்கு மலைப்பக்கம் கறுத்தால் ப்ளக்கைப் பிடுங்கும் பாட்டிகள் பொறியாளருக்குக் குறைந்தவர்கள் அல்லர்.

எட்டு ஆம்பியரும் நானூறு வோல்ட்டும் ஒரே நேரத்தில் கிடையாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டையும் பெருக்கினால் 3200 வாட். தரவுத்தாளின் வரைபடத்தில் ஒரு கோடு சரிந்து இறங்கும், அதற்கு உள்ளே நின்றால்தான் உயிர். அந்தக் கோட்டின் ஒரு பகுதி மொத்தச் சூட்டைப் பற்றியதே அல்ல. 1958-ல் தார்ன்டன், சிம்மன்ஸ் என்ற இருவர் எழுதிக் காட்டிய கோளாறு அது, இரண்டாம் முறிவு என்பார்கள். அழுத்தம் அதிகமாயிருக்கும்போது சிலிக்கானில் ஓரிடம் சற்றே சூடேறினால் அங்கே மின்சாரம் கூடும், கூடினால் இன்னும் சூடேறும், தைப்பூசத்தன்று குனோங் சீரோ கோயிலில் அத்தனை பேரும் ஒரே வாசலில் நெருக்குவதுபோல முழு மின்சாரமும் ஒரு புள்ளியில் குவிந்து அந்த இடம் உருகும். இதற்கு மைக்ரோவிநாடிகள் போதும். ஹீட்சிங்க்கைத் தொட்டுப் பார்த்தால் குளிர்ந்திருக்கும், டிரான்சிஸ்டர் செத்திருக்கும். ஃபியூஸ் பிறகுதான் போகும்.

கடை மேசைக்கு வந்த பவர் சப்ளையில் டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் திரும்பி வரும். அதற்குக் காரணம் பேஸ் சுற்றில் இருக்கும் சிறுபொருள்கள். 1 மைக்ரோஃபாரட் அளவில் இரண்டு சின்ன எலக்ட்ரோலிட்டிக் கேபாசிட்டர்கள் பல வடிவமைப்புகளில் ஹீட்சிங்க்கின் நிழலிலேயே இருக்கும். வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் இவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் பழகிய கணக்கு. அவை காய்ந்ததும் பேஸுக்குப் போகும் மின்சாரம் மெலியும், டிரான்சிஸ்டர் முழுதாகத் திறக்காது, மூடவும் தாமதிக்கும். அரைகுறையாய் நிற்கும் ஒவ்வொரு கணமும் சூடுதான். அனுபவமுள்ள கைகள் இரண்டு டிரான்சிஸ்டர்களையும் சேர்த்தே மாற்றும், பேஸ் ரெசிஸ்டர்களையும் டையோடுகளையும் மீட்டர் வைத்துப் பார்க்கும், அந்த இரண்டு கேபாசிட்டர்களைக் கேள்வி கேட்காமல் தூக்கிப் போடும்.

அப்படி ஒருவரிடம் வேலை கற்கவந்த பையன், ஓடிக்கொண்டிருக்கும் பவர் சப்ளையின் டிரான்சிஸ்டர் சூடாகிறதா என்று விரலை நீட்டினான்.

"டேய், கை எடு! முதுகுத் தகடு என்னன்னு தெரியுமா?"

"ஹீட்சிங்க்குல ஒட்டறதுதானே, அண்ணே?"

"அதான் கலெக்டர். முந்நூறு வோல்ட் நிக்குது அதுல. மைக்கா நடுவுல இருக்கறதால ஹீட்சிங்க் சும்மா இருக்கு. மைக்கா கிழிஞ்சா அதுவும் உன்னைப் பிடிக்கும்."

தரவுத்தாளில் ஒரு வரியாக இருப்பது இதுதான்: தகடும் நடுக்காலும் ஒன்று. எழுத்து தெரியும் பக்கத்தைப் பார்த்துப் பிடித்தால் இடது கால் பேஸ், நடு கலெக்டர், வலது எமிட்டர். மாட்டும்போது மைக்காவோடு ஸ்க்ரூவுக்கும் காப்பு வளையம் வேண்டும். வளையம் இல்லாமல் மைக்கா மட்டும் வைத்து என்ன பயன், ஸ்க்ரூ வழியாகவே கலெக்டர் ஹீட்சிங்க்கைத் தொட்டுவிடும். மாட்டிய பிறகு, மின்சாரம் தருவதற்கு முன், தகட்டுக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையே மீட்டர் வைத்துத் தொடர்பு இல்லை என்று பார்க்க வேண்டும். ஸ்க்ரூவை 0.6 நியூட்டன்மீட்டர் அளவில் இறுக்கினால் போதும். பலம் காட்டினால் தகடு வளைந்து உள்ளே சிலிக்கானில் விரிசல் விழும். கால்களை வளைக்கும்போது உடம்புக்கும் வளைவுக்கும் நடுவில் இடுக்கியால் பிடித்துக்கொண்டு வளைக்க வேண்டும்.

முதல் முறை மின்சாரம் தருவது ஒரு 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டுத்தான். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் நலம், பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட், புது டிரான்சிஸ்டர் தப்பித்தது. பட்டறைகளில் பல்லாண்டுகளாக இருக்கும் இந்த ஏற்பாட்டை எந்தத் தரவுத்தாளும் சொல்லித் தந்ததில்லை.

டிரான்சிஸ்டர் கடையில் வாங்குவது இப்போது சிக்கலாகிவிட்டது. 13007 என்று அச்சிட்ட எல்லாவற்றுக்குள்ளும் 13007 இல்லை. சிறிய சிலிக்கான் துண்டைக் கட்டி, அல்லது பழைய பொருளின் எழுத்தைச் சுரண்டிப் புதிதாக அச்சிட்டு விற்கிறார்கள். மீட்டரில் டையோடு சோதனைக்கு இவையும் ஒழுங்காகப் பதில் சொல்லும், பேஸிலிருந்து இரு பக்கமும் 0.5, 0.6 வோல்ட் காட்டும். சுமை ஏறும்போதுதான் வேஷம் கலையும். சந்தேகமானால் ஒன்றை உடைத்துப் பார்த்து, நம்பகமான பழைய ஒன்றின் துண்டோடு ஒப்பிடுவதே வழி. விலை பாதி என்றால் உள்ளே பாதிதான் இருக்கும்.

கடைசியில் எல்லாப் பவர் சப்ளையும் சாலைக்கு வருகிறது. 'சுராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு வரும் லாரி பழைய செய்தித்தாளோடு அதையும் ஏற்றிக்கொள்ளும். மலேசியச் சட்டம் மின்னணுக் கழிவை 2005-ஆம் ஆண்டுக் கழிவு விதிகளில் எஸ்டபிள்யு110 என்று எண் கொடுத்து, உரிமம் பெற்றவர்களிடமே போக வேண்டும் என்கிறது. லாரி அங்கேதான் போகிறது என்று சொல்லத் துணியமாட்டேன். போர்டைத் திறந்தவெளியில் எரித்து உலோகம் எடுத்தால், சிலிக்கானை ஒட்டிய அந்தக் காரீயம் புகையிலும் மண்ணிலும் சேரும். ஐரோப்பிய விதி 2006 ஜூலையில் மற்ற சோல்டர்களிலிருந்து காரீயத்தை விரட்டியபோதும் டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் இந்த வகைக்கு விலக்குக் கொடுத்தது.

புதுக் கணினிகளில் இதன் இடத்தை மாஸ்ஃபெட் என்ற வேறு வகை டிரான்சிஸ்டர் எடுத்துக்கொண்டு வெகுநாளாகிறது. அடுத்து சிலிக்கான் கார்பைடு. அதைத் தயாரிக்க இன்ஃபினியான் நிறுவனம் கெடா மாநிலம் கூலிமில் கட்டிய ஆலை 2024 ஆகஸ்ட்டில் திறந்தது. இம்முறை கட்டுவது மட்டுமல்ல, தகட்டைச் செதுக்குவதும் இங்கேயே.

வீட்டில் பழைய பவர் சப்ளையைத் திறக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் இரண்டு பெரிய கேபாசிட்டர்களிலும் ஆளுக்கு 160 வோல்ட் தேங்கியிருக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். காப்புள்ள கிளிப்பில் பிடித்த 2.2 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டரை ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஏழெட்டு விநாடி வையுங்கள், பிறகு மீட்டரில் சுழி காட்டுகிறதா என்று பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் மூடியைத் திறக்காமல் கடைக்கே கொடுத்துவிடுங்கள்.